தோற்ற இரவில் தூக்கம் வரவில்லை: சிஎஸ்கே ரசிகர் ஒருவருக்கு மனநல ஆலோசகரின் பதில்

கேள்வி:

வயது 36. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். சிஎஸ்கே என்றால் எனக்கு உயிர். 2023 இறுதிப் போட்டியில் ஜடேஜா கடைசிப் பந்தை பவுண்டரிக்கு அடித்த இரவு, ஒன்றரை மணிக்கு மேல் தெருவில் இறங்கி ஆடினேன். அடுத்த வருடம் மே 18-ஆம் தேதி பெங்களூருவில் தோற்று பிளே ஆஃப் வாய்ப்பு போனபோது ரிமோட்டைச் சுவரில் எறிந்து உடைத்தேன். 2025-இல் அணி கடைசி இடத்துக்குப் போனது. அந்த இரண்டு மாதமும் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தோற்ற இரவில் தூக்கம் வராது. மறுநாள் வேலையில் கை ஓடாது. பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்; கடைசி ஓவரில் நெஞ்சு படபடக்கிறது. ஆபீஸ் குரூப்பில் மேட்சுக்கு 200, 500 என்று பந்தயம் கட்டுகிறேன், மனைவிக்குத் தெரியாது. என் 9 வயது மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் விக்கெட் விழுந்தால் "எழுந்து உள்ள போடா" என்று விரட்டிவிடுவேன். போன வாரம் ஒரு பழைய மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நான் வரலாமாப்பா, இல்ல அவுட் ஆயிடுவாங்களா?" என்று கேட்டான். அதிலிருந்து மனசே சரியில்லை. சென்னையை விட்டு இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. இது நோயா? கிரிக்கெட் பார்ப்பதையே விட்டுவிடட்டுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஓசூர்)

பதில்:

அன்புச் சகோதரருக்கு, வணக்கம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது நோய் இல்லை. கிரிக்கெட்டை விடவும் வேண்டாம். ஆனால் மூன்று விஷயங்களை இன்றே மாற்றியாக வேண்டும்: மகனை விரட்டுவது, ஒளித்துக் கட்டும் பந்தயம், நெஞ்சுப் படபடப்பை ஒரு டாக்டரிடம் காட்டாமல் தள்ளிப்போடுவது. கோபம், தூக்கமின்மை, மறுநாள் சோர்வு ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யலாம்.

முதலில் நெஞ்சு. இறுக்கமான கடைசி ஓவரில் உங்கள் உடம்பு, மைதானத்தில் நிற்கும் வீரரின் உடம்பைப் போலவே அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், உள்ளங்கை வியர்க்கும். வீரர் ஓடுகிறார், அடிக்கிறார், அது செலவாகிவிடுகிறது. சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படிச் செலவாக வழியில்லை. 2006-இல் ஜெர்மனியில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது மியூனிக் பகுதி மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் அவசர இதயப் பிரச்சினைகள் மற்ற நாட்களைவிட 2.66 மடங்கு வந்தன. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அதிகம். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் படபடப்பை "மேட்ச் டென்ஷன்" என்று சொல்லி ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அடுத்த சீசன் தொடங்குவதற்குள் ஒரு ஈசிஜி எடுத்து, படபடப்பு எப்போது வருகிறது, எத்தனை நிமிடம் இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மேட்ச் நாளில் மாத்திரையை வழக்கமான நேரத்துக்குப் போடுங்கள். படபடக்கிறதே என்று நடுவில் இன்னொன்று போட்டுவிடாதீர்கள்.

மேட்ச் இரவில் உப்பு தூக்கலான மிக்சர், சிப்ஸ், ஊறுகாய், அதோடு சிகரெட், மது என்று எல்லாம் சேர்ந்தால் பிபி கட்டுக்குள் நிற்காது. ஆறு மணிக்கு மேல் காபி வேண்டாம். இரண்டு இன்னிங்ஸுக்கு நடுவில் உள்ள இடைவேளையில் இரண்டு இட்லியோ சப்பாத்தியோ சாப்பிட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் படபடப்பு இன்னும் அதிகமாகத் தெரியும்.

ஐபிஎல்லில் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டரை நிமிட டைம் அவுட் இரண்டு முறை வரும். அந்த நேரத்தில் விளம்பரத்தைப் பார்க்காமல் எழுந்து நில்லுங்கள். நான்கு நொடி மூச்சை இழுத்து, ஆறு நொடி விடுங்கள். ஒரு டைம் அவுட்டுக்குப் பதினைந்து மூச்சு வரும். விடும் மூச்சு நீளமாக இருந்தால்தான் இதயத் துடிப்பு இறங்கும். பலர் இதைச் செய்து பலனில்லை என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் வேகவேகமாக இழுத்து விட்டிருப்பார்கள். அதில் தலைசுற்றல்தான் மிச்சம். கடைசி ஐந்து ஓவரை நின்றபடியோ அறைக்குள் நடந்தபடியோ பாருங்கள். நெஞ்சை அழுத்துகிற வலி சில நிமிடம் விடாமல் இருந்தாலோ, இடது கை, தாடை, முதுகு என்று பரவினாலோ, குளிர்ந்த வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தாலோ, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இந்த ஓவர் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இதை உங்கள் மனைவியிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.

அடுத்து உங்கள் மகன். கடிதத்தில் மிகவும் முக்கியமானது அவன் கேட்ட அந்தக் கேள்விதான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எதனால் எது நடக்கிறது என்று ஓரளவு புரியும். ஆனாலும் அப்பா கோபமாக, உறுதியாகச் சொன்னால் அதை நம்பும். தான் வந்து உட்கார்ந்ததால் கெட்டது நடக்கிறது என்று நம்பத் தொடங்கிய பிள்ளை, அதைக் கிரிக்கெட்டோடு நிறுத்திக்கொள்ளாது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தாலும், வீட்டில் சண்டை நடந்தாலும், நம்மால்தானோ என்று உள்ளுக்குள் யோசிக்கும்.

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு இரவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவை. ஜடேஜா மட்டையோடு நிற்கிறார். மோகித் சர்மா வீசிய பந்தில் ஒரு சிக்ஸர், அடுத்ததில் ஒரு பவுண்டரி; கோப்பை வந்தது. 2024 மே 18-ஆம் தேதி பெங்களூருவில், பிளே ஆஃபுக்குத் தகுதி பெற கடைசி ஓவரில் 17 ரன் வேண்டியிருந்தது. யஷ் தயாளின் முதல் பந்தில் தோனி சிக்ஸர் அடித்தார், அடுத்த பந்தில் அவுட். கடைசி இரண்டு பந்துக்கு வந்தபோது அதே 10 ரன் தேவை, அதே ஜடேஜா மட்டையோடு. இரண்டு பந்தும் மட்டையில் படவில்லை. அதே ஆள், அதே கணக்கு, இரண்டு முடிவு. உங்கள் வீட்டு வரவேற்பறையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்தச் சட்டை போட்டிருந்தீர்கள் என்பது அந்தப் பந்துகளுக்கு எட்டவே இல்லை. கையில் எதுவும் இல்லாதபோது ஏதாவது ஒன்று நம் கையில் இருப்பதாக நினைக்க மனம் துடிக்கும். ராசியான சட்டை, ராசியான இடம் எல்லாம் அதற்காகத்தான். உங்களோடு நிற்கும்வரை அதில் தவறில்லை. இன்னொருவரை எழுப்பி விரட்டும்போதுதான் அது தவறாகிறது.

மேட்ச் இல்லாத ஒரு நாள், பகல் வேளையில், மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து இப்படிச் சொல்லுங்கள்: "நீ வந்ததால யாரும் அவுட் ஆகலடா. அப்பா தப்பா சொல்லிட்டேன். இனிமே நீ என் பக்கத்துலதான் உட்காரணும்." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், "ஆனா நீயும்..." என்று தொடங்கவே வேண்டாம். பிறகு கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்து ஸ்கோர் எழுதச் சொல்லுங்கள். ஓவருக்கு ஆறு கட்டம். ரன் இல்லையென்றால் புள்ளி, விக்கெட் என்றால் பெருக்கல் குறி. தண்ணீர் குடிக்க உள்ளே போய்த் திரும்பும்போது எத்தனை விக்கெட் விழுந்தது, உட்கார்ந்திருந்தபோது எத்தனை விழுந்தது என்று அவனே பார்த்துக்கொள்வான். நீங்களும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோவில் வர்ணனை கேட்ட தலைமுறையில் பலர் இப்படித்தான் எழுதிக்கொண்டே கேட்டார்கள். கையும் கண்ணும் ஒவ்வொரு பந்தாக வேலை செய்தால் மனம் முடிவை நோக்கி ஓடுவது குறைகிறது. பள்ளி நாளில் அவனுக்கு முதல் இன்னிங்ஸ் போதும், ஒன்பதரைக்குப் படுக்கட்டும். விடிந்ததும் ஸ்கோரைப் பார்த்துக்கொள்ளலாம்.

சேப்பாக்கத்தில் 1999 ஜனவரியில் பாகிஸ்தானோடு நடந்த டெஸ்ட்டைப் பற்றியும் அவனுக்குச் சொல்லுங்கள். சச்சின் முதுகுவலியோடு 136 எடுத்து அவுட்டானபோது வெற்றிக்கு வெறும் 17 ரன்தான் தேவை. மீதி விக்கெட்டுகள் மளமளவென்று விழுந்து இந்தியா 12 ரன்னில் தோற்றது. கண் கலங்கி நின்ற அதே கூட்டம்தான் எழுந்து கைதட்டியது, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். நம் ஊர் ரசிகர்களின் பெருமைகளில் நான் முதலில் வைப்பது அந்த மாலையைத்தான். அப்பா வருத்தப்படுவதை மகன் பார்க்கலாம், அழுவதையும் பார்க்கலாம். ரிமோட்டை எறிவதைத்தான் பார்க்கக் கூடாது.

அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் 2011-இல் டேவிட் கார்டு, கோர்டன் டால் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தை வைத்து ஆராய்ந்தார்கள். ஜெயிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட உள்ளூர் அணி தோற்ற நாட்களில், ஆண்கள் மனைவியையோ துணையையோ தாக்கும் சம்பவங்கள் ஏறக்குறைய 10 சதவீதம் கூடின. இரு அணிக்கும் சம வாய்ப்பு என்று கருதப்பட்ட ஆட்டத்தில் தோற்றபோது அப்படிக் கூடவில்லை. தோல்வியைவிட, எதிர்பாராத தோல்விதான் கோபமாக மாறுகிறது. அதனால் வேலையை டாஸுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

ஏழு மணிக்கு டாஸ் என்றால் ஆறே முக்காலுக்கு அந்த நோட்டில் எழுதுங்கள்: இன்று தோற்க 100-க்கு எத்தனை வாய்ப்பு? டி20-யில் மனசாட்சியோடு எழுதினால் 40-க்குக் கீழே எழுதுவது கடினம். "10 தான்" என்று எழுதத் தோன்றினால் இந்தக் கணக்கைப் பாருங்கள். 2010, 2011, 2018, 2021, 2023 என்று சிஎஸ்கே கோப்பை வென்ற ஐந்து சீசன்களிலும் லீக் சுற்றில் குறைந்தது ஐந்து மேட்ச் தோற்றிருக்கிறது. 2010-இல் ஆடிய 14-இல் ஏழு தோல்வி. அந்த வருடம்தான் முதல் கோப்பை. கோப்பை வரும் வருடத்திலும் ஐந்து இரவாவது வருத்தப்படத்தான் வேண்டியிருக்கும். அந்த ஐந்து இரவையும் வீடு தாங்கும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அதிலும் மேட்ச் முடிந்த பிறகு வரும் இரண்டு மணி நேரம்தான் ஆபத்தானது. வீட்டுச் சண்டையும், அனுப்பிவிட்டு வருந்தும் மெசேஜும், உடைந்த ரிமோட்டும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். இரவு மேட்ச் முடிய பதினொன்றேகால், பதினொன்றரை ஆகும். கடைசிப் பந்து முடிந்ததும் டிவியை நிறுத்துங்கள். பரிசளிப்பு, அலசல், ஹைலைட்ஸ் எதுவும் வேண்டாம். விழுந்த விக்கெட் மறுபடி மறுபடி விழுவதைப் பார்த்தால் உடம்பு அடங்காது. போனை வேறு அறையில் சார்ஜில் போட்டுவிடுங்கள். குரூப்புகளை டாஸுக்கு முன்பே மியூட் செய்திருக்க வேண்டும். தோற்ற பிறகு செய்துகொள்ளலாம் என்றால் மனம் வராது. மொட்டை மாடியிலோ தெருவிலோ பதினைந்து, இருபது நிமிடம் கொஞ்சம் வேகமாக நடங்கள், உடம்பில் ஏறியது அப்போதுதான் இறங்கும். பைக்கை எடுக்க வேண்டாம்.

மனைவியிடம் முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அரை மணி நேரம் அவர் எதுவும் கேட்கமாட்டார். நீங்களும் "வருத்தமா இருக்கு, கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்" என்று ஒரு வரி சொல்லாமல் போகமாட்டீர்கள். முகத்தை இறுக்கிக்கொண்டு பேசாமல் கிடப்பதைவிட அந்த ஒரு வரி வீட்டுக்கு எவ்வளவோ நிம்மதி. பள்ளிக் கட்டணம், ஊருக்குப் போவது, மாமனார் வீட்டு விஷயம் எதையும் அந்த இரவில் இருவரும் எடுக்க வேண்டாம்.

பன்னிரண்டரைக்குப் படுங்கள். இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில், கிரிக்கெட் இல்லாத எதையாவது படியுங்கள். கண் செருகியதும் போய்ப் படுக்கலாம். காலையில் வழக்கமான நேரத்துக்கே எழுந்திருங்கள். எட்டு மணிவரை படுத்தால் அடுத்த இரவும் கெட்டுவிடும்.

மறுநாள் வேலையில் கை ஓடாததற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வொன்று, 1992-இல் வெளியானது, தீவிர கூடைப்பந்து ரசிகர்களைக் கவனித்தது. தங்கள் அணி தோற்றதைப் பார்த்த பிறகு, அணியைப் பற்றி மட்டுமல்ல, தங்களால் ஒரு சாதாரண வேலையைச் செய்ய முடியுமா என்பதைப் பற்றியும் அவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள். அன்று உங்களைப் பற்றி நீங்களே போடும் கணக்கை நம்பாதீர்கள். சூப்பர்வைசரோடு பழைய பிரச்சினையைப் பேசுவது, வேலையை விடுவது பற்றி யோசிப்பது எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகட்டும். தூக்கம் குறைந்த நாளில் எண் எழுதுவதில் தவறு வரும். ஸ்டாக் பதிவை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள்.

ஜெயித்த இரவுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான், தூக்கமும் அதே அளவு கெடும். தோற்றவர்களைச் சீண்டும் மெசேஜ் அப்போதுதான் போகும், ஹெல்மெட் இல்லாமல் பைக்கும் அப்போதுதான் கிளம்பும். பெங்களூரு அணியான ஆர்சிபி முதல் கோப்பையை வென்ற மறுநாள், 2025 ஜூன் 4 அன்று, அந்த ஊர் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். எல்லாரும் சந்தோஷத்தோடு வந்தவர்கள். கூட்டத்தை ஒழுங்கு செய்ய வேண்டியவர்களின் பொறுப்பு தனி. மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்படி ஒரு கூட்டத்துக்குப் போவதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

பந்தயம் பற்றிச் சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் சொல்கிறேன். நிறுத்திவிடுங்கள். தொகை சிறியதா பெரியதா என்பதைவிட, ஒளிக்கிறீர்கள் என்பதைத்தான் கவனிக்கிறேன். பணம் கட்டியதும் ஒவ்வொரு விக்கெட்டும் இரண்டு இழப்பாகிறது. இன்று விட்ட 500-ஐ நாளை 1,000 கட்டி எடுக்கலாம் என்று தோன்றும் நாளில் அது பழக்கமாக மாறத் தொடங்கிவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. செயலிகள் போனாலும் இப்படி ஆபீஸ் குரூப்புகளில் அது தொடர்கிறது. யுபிஐ கணக்கில் கடந்த சீசனில் போனது, வந்தது இரண்டையும் கூட்டி ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுங்கள். அந்தப் பேச்சு சுலபமாக இருக்காது. ஆனால் அவரே பின்னால் கண்டுபிடித்தால் வருவதைவிட இது எவ்வளவோ சின்னச் சண்டை. குரூப்பில் "இனிமே நான் கட்டல" என்று ஒரே வரி போட்டு வெளியேறிவிடுங்கள். காரணம் சொன்னால் சமாதானம் பேச ஆள் வரும்.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயம். சென்னையை விட்டு வந்து இரண்டு வருடம். கடிதம் முழுக்க ஒரு நண்பர் பெயரோ, ஞாயிற்றுக்கிழமை எங்காவது போனதோ இல்லை. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர். உங்களோடு வேலை செய்கிறவர்களில் ஆர்சிபி ரசிகர்கள் நிறையவே இருப்பார்கள். சிஎஸ்கே கடைசி இடத்துக்குப் போன அதே 2025-இல் அவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள். மஞ்சள் சட்டை உங்களுக்கு விட்டுவந்த ஊரின் அடையாளமாகவும் இருந்தால், அது தோற்கும்போது ஊரையே மறுபடி இழந்ததுபோல வலிக்கும். அந்த வலி நியாயமானது. ஆனால் அதை ஆற்றும் வேலையைப் பதினொரு வீரர்களிடம் ஒப்படைக்க முடியாது. சொந்த ஊர் அணியோடு பற்றுள்ளவர்களுக்குத் தனிமை உணர்வு குறைவு என்று டேனியல் வான் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த நன்மை பெரும்பாலும் கூடவே ஆட்கள் இருப்பதால் வருகிறது. வாரத்தில் ஒரு மேட்சையாவது யாருடனாவது சேர்ந்து பாருங்கள்; சீண்டாத ஓர் ஆர்சிபி நண்பராக இருந்தாலும் சரி. ஞாயிறு காலை டென்னிஸ் பந்து ஆடும் கூட்டம் ஓசூரில் எந்த மைதானத்திலும் இருக்கும். மகனோடு போய் ஓரத்தில் நின்றாலே ஃபீல்டிங்குக்குக் கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டு அணிகள் ஆடும் டிஎன்பிஎல் தொடர் சமயத்தில் சேலத்தில் மேட்ச் இருந்தால் ஒரு நாள் அவனைக் கூட்டிப்போங்கள். எந்த அணி ஜெயித்தாலும் கவலைப்படத் தேவையில்லாத மேட்ச் ஒன்றை அவன் உங்களோடு உட்கார்ந்து பார்க்கட்டும்.

அடுத்த சீசனில் முதல் நான்கு மேட்சுக்கும் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று எண் எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், கோபம் பத்துக்கு எவ்வளவு, மறுநாள் எத்தனை மணிக்கு மனம் பழைய நிலைக்கு வந்தது. தோல்வியின் வருத்தம் பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் அடங்கிவிடும். நான்கு மேட்சுக்குப் பிறகும் எண்கள் இறங்காவிட்டாலோ, மேட்ச் இல்லாத நாளிலும் இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாத நிலை இருந்தாலோ, அது கிரிக்கெட்டால் வந்த வருத்தமாக மட்டும் இருக்காது. வீட்டில் யார் மீதாவது கை ஓங்கிவிட்டாலோ, உயிரை விடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலோ, இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். நேரில் பார்க்க விரும்பினால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நான்கு மேட்சின் எண்கள் கையில் இருந்தால் முதல் சந்திப்பிலேயே பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும்.